தூசியால் காந்தத்தை அளந்த மேதை சந்திரசேகர்

காவிரி பாய்ந்து வளம் கொழிக்கும் தஞ்சைத் தரணி, நெற்களஞ்சியம் என்று புகழ்பெற்றது. அது நெல்லை மட்டும் விளைவித்த மண்ணன்று. அறிஞர் பலரையும் விளைவித்த மண். கும்பகோணத்துச் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த கணித மேதை இராமானுஜனை நாம் அனைவரும் அறிவோம். அதே தஞ்சை மாவட்டத்தில், மாங்குடிப் பக்கத்தில் வேளாண்மை செய்து வாழ்ந்த ஒரு குடும்பம் பின்னாளில் உலகிற்கு இரண்டு நோபல் பரிசாளர்களைத் தந்தது. ஒருவர், 1930ஆம் ஆண்டில் அப்பரிசைப் பெற்ற சர் சி. வி. இராமன். மற்றவர், 1983ஆம் ஆண்டில் அதைப் பெற்ற அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் என்றதும் விண்மீன்களின் நிறைக்கு அவர் கண்ட எல்லையே நம் நினைவுக்கு வரும். பாடநூல்களும் அதையே கூறும். ஆனால் முற்றத்து வெயிலில் மிதக்கும் தூசியினும் சிறிய துகளைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத காந்தப் புலத்தை அளக்க வழிகாட்டியவரும் அவரே. இச்செய்தி நம் மாணவியரில் பலர் அறியாதது. ஆகவே அவருடைய வாழ்க்கையை அந்தச் சிறு தூசியின் வழியாகவே இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

பிறப்பும் வளர்ப்பும்

சந்திரசேகரின் பாட்டனார் பெயரும் சந்திரசேகர் என்பதே. அவர் கல்வியை நாடி ஊரைவிட்டு வெளியேறி, விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் ஆசிரியரானார். அவருடைய மூத்த மகன் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரியாக விளங்கினார். கருநாடக இசையில் ஆழ்ந்த புலமையும் கொண்டிருந்தார். அவர் லாகூரில் பணியாற்றியபோது, 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் சந்திரசேகர் பிறந்தார். பத்துக் குழந்தைகளில் அவர் மூன்றாமவர், ஆண்மக்களில் மூத்தவர்.

தாயார் சீதாலட்சுமி அம்மையார் பள்ளிப்படிப்பு அதிகம் பெறாதவர். ஆயினும் தம் முயற்சியால் ஆங்கிலம் கற்று, இப்சன் என்னும் நார்வே நாட்டு நாடக ஆசிரியரின் பொம்மை வீடு என்ற நாடகத்தைத் தமிழில் பெயர்த்தார். பெண்ணின் தன்மதிப்பைப் பேசும் அந்நாடகத்தை, வீட்டு வேலைகளுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் இடையே ஒரு தாய் மொழிபெயர்த்தார் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே பாடம் கேட்ட சிறுவன் சந்திரசேகர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மகன் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. தாயோ, மகனின் உள்ளம் நாடும் அறிவியலிலேயே அவன் செல்லட்டும் என்று துணைநின்றார்.

கப்பலில் கண்ட கணக்கு

1930ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள், அரசின் உதவித்தொகை பெற்ற சந்திரசேகர் பம்பாயில் கப்பலேறினார். தாயார் அப்போது நோய்வாய்ப்பட்டிருந்தார். திரும்பி வரும்போது தாயைக் காண்போமா என்று மகன் தயங்கினார். போய்வா என்று வற்புறுத்தி அனுப்பியவர் அந்தத் தாயே. மறு ஆண்டு மே மாதத்தில் அவர் காலமானார். மகன் அப்போது கடல் கடந்த கேம்பிரிட்ஜில் இருந்தார்.

அந்தக் கப்பற் பயணத்தின்போது அவருக்கு வயது பத்தொன்பது. பலர் கடலை வேடிக்கை பார்த்தும் சீட்டாடியும் பொழுது போக்கியபோது, அவர் தாளும் பென்சிலுமாக ஒரு கணக்கில் ஆழ்ந்திருந்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெள்ளைக் குள்ளன் என்னும் சிறு விண்மீனாகிறது. எந்த விண்மீனுக்கும் இந்த அமைதியான முடிவு உண்டு என்று அக்காலத்து அறிஞர் கருதினர். சந்திரசேகரின் கணக்கு வேறு விடை சொன்னது. அவ்வாறு நிலைத்திருக்கும் வெள்ளைக் குள்ளனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு. அது சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதற்கு மேற்பட்டால் விண்மீன் மேலும் மேலும் சுருங்கிக்கொண்டே போகும்.

சபையில் நேர்ந்த சோதனை

1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், இலண்டனில் இராயல் வானியல் கழகத்தின் கூட்டத்தில் அவர் தம் முடிவை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். அக்காலத்து விண்ணியலில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. அவர் இளைஞரின் முடிவை நகைச்சுவையோடு தகர்த்துப் பேசினார், சபை சிரித்தது. உண்மை சந்திரசேகர் பக்கம் என்று உள்ளூர அறிந்திருந்த பெரியவர்கள்கூட வெளிப்படையாக வாய் திறக்கவில்லை.

அவர் என்ன செய்தார்? சினந்து சண்டையிடவில்லை, மனம் உடைந்து அறிவியலைத் துறக்கவுமில்லை. தம் கணக்குகளை ஒழுங்குபடுத்தி 1939இல் ஒரு நூலாக வெளியிட்டார். பிறகு அந்தத் துறையை விட்டு வேறு துறைக்குச் சென்றார். ஒரு துறையில் பல ஆண்டுகள் மூழ்குவது, கண்டதையெல்லாம் ஒரு பெரிய நூலாக எழுதி முடிப்பது, அடுத்த துறையில் மீண்டும் மாணவராய்த் தொடங்குவது என்பதே அதன்பின் அவரது வாழ்க்கை முறையாயிற்று. தூசியும் காந்தமும் அவர் வாழ்வில் நுழைந்தது இவ்வாறு துறை மாறிச் சென்ற வழியில்தான்.

எடிங்டனிடம் அவர் பகை பாராட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். எடிங்டனின் நூற்றாண்டு விழாவை ஒட்டி 1982இல் கேம்பிரிட்ஜில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், தம்மை நகைத்தவரை அக்காலத்தின் தலைசிறந்த விண்ணியலறிஞர் என்றே போற்றினார்.

இல்லறம்

1936ஆம் ஆண்டு தாயகம் வந்த சந்திரசேகர், மாநிலக் கல்லூரியில் தமக்கு ஓராண்டு பின்னால் இயற்பியல் படித்த லலிதாவை மணந்தார். லலிதாவின் தாய்வழிக் குடும்பமும் தஞ்சை மாவட்டத்தது, ரிஷியூரைச் சேர்ந்தது. அவருடைய பெரியம்மாதான் சகோதரி சுப்பலட்சுமி. குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த சுப்பலட்சுமி, கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்று, அவர்களின் தொண்டால் ஈர்க்கப்பட்டார். 1911இல் பட்டம் பெற்றார். தம்மைப்போன்ற இளம் விதவைகளுக்குச் சென்னையில் இல்லம் அமைத்துக் கல்வி அளித்தார். அந்தக் குடும்பத்தில் வளர்ந்த லலிதாவுக்கு அறிவியல் புதிதன்று. கணவரின் பணியின் அருமையை அறிந்து அவர் துணைநின்றார்.

அதே பயணத்தில் மற்றோர் அரிய காரியமும் நிகழ்ந்தது. பேராசிரியர் ஹார்டியின் வேண்டுகோளின்படி சந்திரசேகர், இராமானுஜனின் துணைவியார் ஜானகி அம்மாளைக் கண்டு, இராமானுஜனின் கடவுச்சீட்டுப் படத்தைப் பெற்றுத் தந்தார். இன்று நாம் நூல்களில் காணும் இராமானுஜனின் முகம் பெரும்பாலும் அந்தப் படத்திலிருந்து வந்ததே.

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

1937இல் சந்திரசேகர் தம்பதியர் அமெரிக்கா சென்றனர். சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்ஸ் வானாய்வகத்தில் அவர் பணியேற்றார். அங்கே விண்மீன்களின் ஒளி எவ்வாறு வெளிவருகிறது என்பதை ஆராய்ந்தார். ஒளி ஓர் அலை. சாதாரண ஒளியில் அந்த அலை எல்லாப் பக்கங்களிலும் அதிர்கிறது. சில வேளைகளில் ஒரு பக்கமாக மட்டும் அதிரும். அதனைத் தளவிளைவுற்ற ஒளி என்பர். மிகுந்த வெப்பமுடைய விண்மீன்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி இவ்வாறு ஓரளவு தளவிளைவுற்றிருக்கும் என்று 1946இல் அவர் கணித்தார்.

அதைச் சோதிக்க ஹில்ட்னர், ஹால் என்னும் இரு வானியலார் தொலைநோக்கியைத் திருப்பினர். தளவிளைவு கிடைத்தது, ஆனால் அது விண்மீனின் விளிம்பிலிருந்து வந்ததன்று! விண்மீனுக்கும் நமக்கும் இடையே பரந்து கிடக்கும் தூசிதான் அதற்குக் காரணம் என்று 1949இல் தெளிவாயிற்று. அந்தத் தூசித்துகள்கள் உருண்டையாயில்லாமல் நீண்டிருக்கின்றன. விண்வெளியில் உள்ள காந்தப் புலத்தால் ஒரே முகமாய் வரிசைப்பட்டு நிற்கின்றன. ஓடும் வாய்க்காலில் பாசியெல்லாம் நீரோட்டத்தின் திசையில் சாய்ந்து நிற்பதைக் கண்டால், ஓட்டம் எப்பக்கம் என்று சொல்லிவிடலாமன்றோ? அதுபோலவே தூசியின் வரிசையைக் கண்டு காந்தப் புலத்தின் திசையைச் சொல்ல முடிந்தது.

திசை தெரிந்தது, வலிமையை அறிவது எப்படி? அதற்கு வழி கண்டவர்கள் சந்திரசேகரும் அவருடைய சக பேராசிரியர் என்ரிக்கோ பெர்மியும். இருவரும் வாரந்தோறும் சந்தித்துப் பேசி, 1953இல் தம் முடிவை வெளியிட்டனர். அவர்களுடைய எண்ணம் எளிமையானது. துணி உலர்த்தும் கொடிக்கயிறு இழுத்துக் கட்டப்பட்டிருந்தால் காற்றில் அதிகம் அசையாது. தொய்வாயிருந்தால் வளைந்து வளைந்து ஆடும். காந்தப் புலம் வலிதாயிருந்தால் தூசிகள் நேர்த்தியாக ஒரே முகமாய் நிற்கும். மெலிதாயிருந்தால் வாயுவின் கொந்தளிப்பால் முன்னும் பின்னுமாய்ச் சாயும். அந்தச் சாய்வு எவ்வளவு என்று அளந்தால் புலத்தின் வலிமையைக் கணக்கிடலாம். நம் பால்வீதியின் கரங்களில் காந்தப் புலம் ஒரு காஸ் அளவில் பத்து லட்சத்தில் ஏழு பங்கு என்று அவர்கள் கண்டனர். பூமியின் காந்தப் புலமோ ஏறத்தாழ அரைக் காஸ். எவ்வளவு மெல்லிய புலத்தை எவ்வளவு சிறிய துகளால் அளந்துள்ளனர்! இன்றும் விண்ணியலார் இம்முறையைக் கையாள்கின்றனர்.

களத்துமேட்டில் ஒரு பாடம்

இதன்பின் சந்திரசேகர், பிளாஸ்மா என்னும் மின்னேறிய வாயுவைப் பற்றிச் சிக்காகோவில் பாடம் நடத்தினார். அப்பாடங்கள் 1960இல் நூலாயின. மின்னேற்றம் பெற்ற ஒரு துகள் காந்தப் புலத்தில் எப்படி ஓடும்? அது நேராக ஓடாது. புலத்தின் கோட்டைச் சுற்றிச் சுருளாய் ஓடும். வேறு விசையும் சேர்ந்தால் பக்கவாட்டில் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். இவற்றையெல்லாம் அந்நூல் கணிதத்தால் விளக்குகிறது. சந்திரசேகர் வியாழனின் தூசியைத் தனியே ஆராய்ந்தவரல்லர். எனினும் அங்கே தூசி ஓடும் விதத்தை அறிய இந்த விதிகளே அடிப்படை.

நம் ஊர்க் களத்துமேட்டில் இன்று பெரும்பாலும் இயந்திரமே வேலை செய்கிறது. ஆயினும் முறத்தால் நெல் தூற்றும் காட்சியை நம் பாட்டிமார் நன்கு அறிவர். காற்று ஒன்றே. ஆனால் முற்றிய நெல் காலடியிலேயே விழுகிறது, கருக்காய் சற்றுத் தள்ளி விழுகிறது, பதர் பறந்தோடுகிறது. எடைக்கும் காற்றுக்கும் நடக்கும் போட்டியில் கனமானது எடைக்கு அடங்குகிறது. இலேசானது காற்றுக்கு அடங்குகிறது.

பெருங்கோள்களைச் சூழ்ந்த வெளியிலும் இதே போட்டி நடக்கிறது. அங்கே ஒருபக்கம் கோளின் ஈர்ப்பு விசை. மறுபக்கம் காற்றுக்குப் பதிலாக மின்காந்த விசை. தூசிக்கு மின்னேற்றம் எங்கிருந்து வருகிறது? சுற்றியுள்ள பிளாஸ்மாவிலிருந்து எலெக்ட்ரான்கள் வந்து ஒட்டிக்கொண்டால் அது எதிர்மின்னேற்றம் பெறும். சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு எலெக்ட்ரான்கள் வெளியேறினால் நேர்மின்னேற்றம் பெறும். துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால், அதன் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்; மின்னேற்றமோ பத்தில் ஒரு பங்காக மட்டுமே குறையும். ஆகவே எடையோடு ஒப்பிட மின்விசையின் கை நூறு மடங்கு ஓங்கிவிடும். கூழாங்கல் கோளின் ஈர்ப்புக்கு மட்டுமே கீழ்ப்படியும். மிக நுண்ணிய தூசி காந்தப் புலத்துக்குக் கீழ்ப்படியும். இடைப்பட்டது இரண்டு எசமானர்களுக்கு இடையே அலையும். இந்த இடைப்பட்ட நிலையை 1980களில் விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த அறிஞர் அசோகா மெண்டிஸ் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

வியாழனும் சனியும்

வியாழன் ஏறத்தாழ 10 மணி நேரத்திற்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. அதன் வலிய காந்தப் புலமும் உடன் சுழல்கிறது. அதன் துணைக்கோளாகிய அயோவில் எரிமலைகள் குமுறுவதை 1979இல் வாயேஜர் விண்கலம் கண்டது. அந்த எரிமலைகள் கக்கும் தூசியில் மிகச் சிறியவை ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கே இருக்கும். அவை மின்னேற்றம் பெற்றதும், சுழலும் காந்தப் புலம் அவற்றைக் கவணில் வைத்து எறிவதுபோல் வெளியே வீசிவிடுகிறது. வினாடிக்கு 200 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் அவை வியாழனை விட்டே ஓடிவிடுகின்றன. 1992இல் வியாழன் பக்கம் சென்ற யுலிசீஸ் விண்கலத்தின் தூசிமானியில் இந்தத் தூசி தாரை தாரையாக வந்து மோதியபோதுதான் இந்த விந்தை வெளிப்பட்டது.

சனியின் வளையங்களில் மற்றொரு காட்சி. 1980இல் வாயேஜர் அனுப்பிய படங்களில், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போன்ற நிழற்கோடுகள் வளையத்தின்மேல் தெரிந்தன. வளையத்துப் பனிக்கட்டிகளிலிருந்து மின்னேறிய நுண்தூசி மேலெழுந்து மிதப்பதே அக்கோடுகளாகத் தோன்றுகிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய காசினி விண்கலம், என்செலடஸ் என்னும் துணைக்கோளின் தென்முனையிலிருந்து பனித்துகள்கள் பீச்சியடிப்பதை 2005இல் கண்டது. அத்துகள்களே சனியின் அகன்ற வெளி வளையத்துக்கு உணவூட்டுகின்றன.

விண்ணில் உலவும் பெயர்

1952 முதல் 1971 வரை வானியற்பியல் இதழின் ஆசிரியராக இருந்த சந்திரசேகர், உலகெங்கிலுமிருந்து வந்த கட்டுரைகளைச் சீர்தூக்கி அவ்விதழைத் தலைசிறந்ததாக்கினார். இளமையில் சபை சிரித்த அந்த ஆய்வுக்கும் உரிய இடம் வந்தது. விண்மீன்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் பற்றிய ஆய்வுகளுக்காக 1983இல், தம் எழுபத்து மூன்றாம் வயதில், வில்லியம் பவுலர் என்பவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் சிக்காகோவில் காலமானார். லலிதா அம்மையார் நூறாண்டைக் கடந்து வாழ்ந்து, 2013இல் மறைந்தார்.

1999ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள், கொலம்பியா விண்ணோடம் ஓர் எக்ஸ்-கதிர் தொலைநோக்கியை விண்ணுக்கு எடுத்துச் சென்றது. அதற்குப் பெயர் சூட்ட ஒரு போட்டி நடத்தப்பட்டது. பள்ளி மாணவர் ஒருவரும் பள்ளி ஆசிரியை ஒருவரும் எழுதிய கட்டுரைகள் பரிசு பெற, அத்தொலைநோக்கி சந்திரா எனப் பெயர் பெற்றது. அந்த விண்ணோடத்தைத் தலைமை தாங்கி நடத்தியவர் எயிலீன் காலின்ஸ் அம்மையார். அமெரிக்க விண்ணோடம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண்மணி அவரே.

சந்திரா தொலைநோக்கி வியாழனின் முனையருகே எக்ஸ்-கதிர்கள் துடிப்பதைக் கண்டது. அயோவின் எரிமலைப் பொருள்கள் மின்னேறி, காந்தப் புலத்தின் வழியே வந்து வீழ்வதே அதற்குக் காரணமென்பர். சனியின் வளையங்கள் எக்ஸ்-கதிரில் மினுமினுப்பதையும் அது கண்டது. மின்னேறிய துகள்களின் ஓட்டத்தை வகுப்பறையில் விளக்கிய ஆசிரியரின் பெயரைத் தாங்கிய கருவியே, அவ்வோட்டத்தின் விளைவை வியாழனில் படமெடுத்தது எத்துணைப் பொருத்தம்!

நாம் கொள்ள வேண்டியது

அன்பு மாணவியரே, சந்திரசேகரின் வாழ்வில் நாம் கருதத்தக்கவை இரண்டு. பெரியவர் ஒருவர் நகைத்ததால் அவருடைய கணக்கு பிழையாகிவிடவில்லை. அந்த நகைப்புக்காக அவர் பெரியவரை வெறுக்கவுமில்லை. நம் விடை சரிதானா என்பதைப் பிறர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யலாகாது. மீண்டும் ஒருமுறை கணக்கைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். இது ஒன்று.

மற்றொன்று, சிறியதென்று எதையும் தள்ளிவிடாத பார்வை. விண்மீனைக் காணத் தடையாக நிற்கும் அழுக்கு என்று தூசியை ஒதுக்கியிருந்தால், பால்வீதியின் காந்தப் புலத்தை அளக்கும் வழி ஒன்று நமக்குக் கிடைத்திராது. அடுக்களை வேலைக்கு நடுவே ஒரு நாடகத்தை மொழிபெயர்த்த தாயின் மகனுக்கு, சிறியதை மதிக்கும் அந்தப் பார்வை வாய்த்ததில் வியப்பில்லை.

நம் பள்ளியின் அறிவியற்கூடத்தில் ஒரு சட்டக் காந்தமும் கொஞ்சம் இரும்புத்தூளும் எப்போதும் உண்டு. தாளின் கீழே காந்தத்தை வைத்து, மேலே தூளைத் தூவி, மெல்லத் தட்டிப் பாருங்கள். தூள் வரிசையாய் நின்று, காணாத ஒன்றை நமக்குக் காட்டும். விண்வெளித் தூசி வரிசைப்படும் முறை சற்று வேறானாலும், காணாத காந்தத்தைக் கண்ட துகளால் அறியும் பாடம் ஒன்றே. அப்பாடத்தை மேலும் கற்க நம் மாணவியரில் சிலரேனும் முன்வருவார்களாயின் நாம் பெருமகிழ்ச்சி அடைவோம்.